துரைசானி விட்டுப்போன வில்

ஏப்ரல் 5, 1943, திங்கள்

நேற்று மாலையும் காட்டுப்பன்றி தப்பிவிட்டது. முப்பது மரவள்ளிச் செடி நாசம். காவல் பரணுக்கு நேர் கீழேதான் நின்றதாம். என் வீட்டுக்காரர் சந்தனசாமி அம்பை விட்டதும் வில் 'டங்' என்று அலறியிருக்கிறது. அம்பு போய்ச் சேருமுன் பன்றி துள்ளி ஓடிவிட்டது. துப்பாக்கிகளை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். மிச்சம் இருப்பது இந்த வில் ஒன்றுதான். எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரைசானி ஜப்பான்காரனுக்குப் பயந்து சிங்கப்பூருக்கு ஓடியபோது பங்களாவில் விட்டுப்போனது.

காலையில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி மூர்த்தி வாசலுக்கே வந்துவிட்டார். "சந்தனம், கெழங்குக் காவலுக்கு ஆள் வேணும்னு சொல்லித்தான் ஒன் பேர சயாம் லிஸ்டுல சேக்காம வெச்சிருக்கேன். பன்னி இப்படித் தின்னா, இவன் எதுக்குக் காவலுன்னு ஜப்பான்காரன் கேப்பான் லா. ஈஸ்டர் முடிஞ்சதும் புது லிஸ்ட்டு."

சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர்களில் எங்கள் ஊர் லாபிஸுக்கு இதுவரை ஒருவர்கூடத் திரும்பவில்லை. பகலெல்லாம் எனக்குக் கை ஓடவில்லை.

ஏப்ரல் 6

வில்லை நான் சரிபண்ணுகிறேன் என்றேன். பக்கத்து வீட்டு அங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அலமாக்! ஆயா வேல பாத்தவளுக்கு வில்லு வேலயும் தெரியுமாக்கும்?"

தெரியும். பங்களாவில் ஐந்து வருஷம் அந்த நாணுக்கு மெழுகு போட்டது யார்? புல்வெளியில் அம்பு பொறுக்கியது யார்? துரைசானி இல்லாத நேரத்தில் இலக்கை நடுவில் அடித்தது யார்? (இதை அவளிடம் சொல்லவில்லை.)

ஏப்ரல் 9

அவமானம். ரப்பர் தோட்டத்துக்காரி புத்தி ரப்பரிலேயே போயிற்று. சத்தம் அடங்கட்டும் என்று நாண் முழுக்க ரப்பர் மரத்துப் பச்சைப் பால் பூசிக் காயவைத்தேன். லயத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க அம்பை விட்டேன். சத்தம் வரவில்லை. அம்பும் போகவில்லை! நாணில் ஒட்டிக்கொண்டு, சுற்றி, என் காலடியிலேயே விழுந்தது.

"சத்தமே இல்ல, நல்ல வில்லு," என்றாள் அங்கம்மா.

ஏப்ரல் 10

நாணில் ஒட்டிய ரப்பரைச் சுரண்டினேன். நாள் முழுக்க அதே வேலை.

ஏப்ரல் 13

எப்படி மறந்தேன்? துரைசானி வில்லில் நாண் பூட்டியதும் பிடியின் மேல் முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்துவாள். விரல் நுனி நாணைத் தொட வேண்டும். இப்போது வைத்துப் பார்த்தால் பாதி விரலுக்கே நாண் வந்து இடிக்கிறது. ஒரு வருஷம் சும்மா கிடந்ததில் நாணின் முறுக்கு விட்டிருக்கிறது. கழற்றி இருபது சுற்று முறுக்கினேன். நாண் குறுகியது, இடைவெளி கூடியது. விட்டுப் பார்த்தேன். 'டங்' போய் 'டப்' வந்திருக்கிறது. இன்றைக்கு இது போதும்.

ஏப்ரல் 16

இந்த வில்லின் நுனிகள் எதிர்ப்பக்கமாக வளைந்தவை. அம்பு போனபின் நாண் திரும்பி வந்து அந்த வளைவில்தான் அறைகிறது. துரையின் பழைய கம்பளித் தொப்பியை வெட்டி, இரண்டு நுனியிலும் நாண் படும் இடத்தில் ஒட்டினேன். ஒட்டுவதற்கு ரப்பர் பால் நன்றாகவே உதவியது!

பிடித்த கையில் ஓடும் அதிர்வு மட்டும் அடங்கவில்லை. அது ஏன்? துரைசானியின் அம்புகள் ஈர்க்குச்சி போல லேசானவை. அம்பு வாங்கிக்கொள்ளாத பலம் எல்லாம் வில்லிலேயே நின்று உதறுகிறது. வீட்டுக்காரரைத் தடித்த மூங்கிலில் புது அம்பு சீவச் சொன்னேன். அவர் பழைய பால்வெட்டும் கத்தியைத் தீட்டி முனை வைத்துக் கொடுத்தார். உதறல் பாதியாகக் குறைந்தது.

ஏப்ரல் 19

கடைசியாக, புகைபோட்ட ரப்பர் ஷீட்டைப் புழு அளவுக்கு நறுக்கி, நாணில் மேலே ஒரு கொத்து, கீழே ஒரு கொத்து கட்டினேன். முழு நாணுக்கும் பூசியது தப்பு. இரண்டே இடம்தான். நாணுக்கு மெழுகு போட மாதா கோயில் மெழுகுவத்தித் துண்டு.

அங்கம்மாவை முதுகு காட்டி நிற்கச் சொன்னேன்.

"இன்னும் விடலியா நீ?"

"திரும்பிப் பாரு."

வாழைமரத்தில் அம்பு நின்றது. அவள் கிட்டே போய் அம்பைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு ராத்திரிச் சோறே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு நிறைவு. கிழங்குதான் என்றாலும் சோறு என்றே எழுதுகிறேன்.

ஏப்ரல் 22

அவருக்குக் காய்ச்சல். மூன்று கம்பளி போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. கொய்னா மாத்திரை எங்கே கிடைக்கும்? பன்றி காலையில் இன்னொரு பாத்தியைக் கிண்டிவிட்டது. பரணில் யார் உட்காருவது?

ஏப்ரல் 23, பெரிய வெள்ளி

ஆண்டவர் மன்னிக்கட்டும். கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடித்து நேரே பரணுக்குப் போனேன். பொழுது சாயும் நேரம் பன்றி வந்தது. பெரிய ஆண். நாண் தாடையைத் தொடும்வரை இழுத்தேன். விலாவைக் குறி பார்த்தேன். விட்டேன். பன்றி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. விலாவில் அம்பு இறங்கியபிறகுதான் அதற்குத் தெரிந்தது. இருபதடி ஓடிப் படுத்துவிட்டது.

பரணில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஏப்ரல் 25, ஈஸ்டர்

ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் இரண்டு நாள் தொங்கிய இறைச்சியை இன்று லயம் முழுவதும் தின்றது. எங்களைப்போல் விரதம் இல்லாததால் வெள்ளிக்கிழமையே ஆக்கித் தின்ற அங்கம்மா வீட்டார் இன்றும் வந்து தின்றார்கள். தின்னட்டும்.

ஏப்ரல் 28, புதன்

லிஸ்ட் வந்தது. ஜப்பான் அதிகாரி கிழங்குக் காட்டைச் சுற்றிப் பார்த்தான். புதிதாக ஒரு செடிகூட விழவில்லை. புகைபோட்டு வைத்த பன்றித் தலையையும் வில்லையும் மேசைமேல் வைத்திருந்தோம். அதிகாரி ரப்பர்க் கொத்தைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டான். மூர்த்தி எங்களிடம் கேட்டார்: "வில்லுல வேல செஞ்சது யாரு, பன்னிய அடிச்சது யாருன்னு கேக்குறான்."

இவர் காய்ச்சல் விட்ட முகம் மலர, "எம் பொண்டா—" என்று ஆரம்பித்தார். அவர் காலை ஓங்கி மிதித்தேன். "எல்லாம் இவருதாங்க," என்றேன். அங்கம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க, நானே பாத்தேன்," என்றாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

பதினோரு பேரை லாரியில் ஏற்றினார்கள். இவர் பெயர் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "ஏன் அப்படிச் சொன்னே? ஊரே ஒன்னயப் பேசியிருக்கும்லா," என்று வருத்தப்பட்டார். அடித்தது நானென்றால் இவர் எதற்குக் காவல் என்று கேட்டிருப்பானே. இப்போது பக்கத்தில் குறட்டை விடுகிறார். அந்தச் சத்தத்துக்கு மட்டும் ரப்பர் கட்டமாட்டேன்.

ஊர் பேசாவிட்டால் போகிறது. இந்த நோட்டில் எழுதி வைக்கிறேன்: எய்தது நான்.