வெள்ளிக்கிழமை மேய்ச்சல்

மார்ச் 7, 2025, வெள்ளி

நாளை வீட்டுக்கு. இரண்டு கிழமை படிப்பு விடுமுறை. ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டு வளவுக்குள் சிக்னல் வராது. குளக்கட்டில் ஏறி நின்றால் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அதுவும் போனுக்கு மட்டும். ஆய்வுக்கட்டுரையை மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்: மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறிய குடும்பங்களின் கலியாண உறவுகள். இரண்டாம் அத்தியாயம் இன்னும் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது.

அதனால் இன்று வவுனியாவை விட்டுக் கிளம்புமுன் கம்பஸ் நூலகத்தில் இருந்தே எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டேன். என்னோடு படிக்கும் ஜனகன் ஒரு செயலி தந்திருந்தான். ஒருமுறை அழுத்தினால் போதும், பக்கத்தில் உள்ள அத்தனை கட்டுரையும் வரிசையாக வந்து விழும். நூலகம் சந்தா கட்டும் சமூகவியல் இதழ் ஒன்றின் பழைய இதழ்கள் முழுவதும் இப்போது என் லப்டொப்பில். மாரிக்கு விறகு அடுக்கி வைத்த மாதிரி ஒரு நிம்மதி.

மார்ச் 9, ஞாயிறு

பின்னேரம் குளக்கட்டுக்குப் போனேன். போன் நடுங்கி நடுங்கி ஓய்ந்தது. எல்லாம் எங்கள் வகுப்பு வட்சப் குறூப்.

நூலகத்தின் அறிவித்தல்: யாரோ ஒருவர் அளவுக்கு மீறிப் பதிவிறக்கம் செய்ததால், சமூகவியல் இதழின் பதிப்பகம் வெள்ளி மாலையிலிருந்து முழுக் கம்பஸுக்கும் இணைப்பை மூடிவிட்டது.

யாரோ ஒருவர்.

றிபாஸ் எழுதியிருந்தான்: “ஆரோ ஒரு மாடு முழு வயலையும் மேஞ்சிட்டுது. பிடிச்சுக் கட்டுங்கோடா அதை.” அதற்குக் கீழே சிரிப்பு, சிரிப்பு, சிரிப்பு. பிறகு சுரேகா: “உங்களுக்குப் பகிடி. நான் எல்லாத்தையும் இந்தக் கிழமைதான் வாசிக்க வைச்சிருந்தனான். இனி என்ன செய்யிறது?”

நானும் ஒரு சிரிக்கும் முகம் போட்டேன். ஏன் போட்டேன்?

மார்ச் 10, திங்கள்

ஒரு கட்டுரையைத் திறந்தேன். முதல் பந்தியைத் தாண்ட முடியவில்லை. களவெடுத்த சோற்றைத் தின்பது போல.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்?” அம்மா கேட்டா. வெயில் என்றேன்.

ஜனகன் தனியாகக் கேட்டிருந்தான்: “நீயோ?” என் பெயர் குறூப்பில் வந்தால்? நாலு வருசமாக வகுப்பில் கேள்விகூடக் கேட்காதவள் நான். இப்ப எல்லாருக்கும் தெரிய வரப்போகுது, இப்பிடியா தெரிய வரவேணும்? ஆனால் சுரேகா பாவம். அவளுக்கும் எனக்கும் ஒரே கடைசித் திகதி.

மார்ச் 11, செவ்வாய்

முதல் பஸ். தார் ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள், பஸ் மற்றப் பக்கத்தால் நோகாமல் போனது. சொல்ல வேண்டியதை வவுனியா வரைக்கும் மனப்பாடம் செய்தேன். உதவி நூலகர் றிம்ஸியா மிஸ்ஸின் மேசைக்கு முன் நின்றதும் எல்லாம் மறந்துபோனது.

“மிஸ்... அது நான்.”

“தெரியும். உம்மட மாணவர் இலக்கம் வெள்ளிக்கிழமையே எனக்கு வந்திட்டுது. வாறீரோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இரும்.”

கதிரையில் இருந்தேன். விற்கிறதுக்கோ, ஆருக்கும் குடுக்கிறதுக்கோ என்று மிஸ் கேட்டா. இல்லை மிஸ், வீட்டிலை சிக்னல் இல்லை, கொண்டுபோய் வாசிக்கத்தான் என்றேன். தட்டச்சுச் செய்துகொண்டிருந்தவா நிறுத்தினா.

“வெள்ளிக்கிழமை பின்னேரம் எண்டால் எல்லாரும் வந்து குவியிறது இதுக்குத்தானோ? நானும் பிள்ளையள் படிப்பிலை நல்ல அக்கறை எண்டெல்லோ நினைச்சனான்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவா முல்லைத்தீவுக்காரி, இடம்பெயர்ந்து புத்தளத்தில் படித்தவா. “நாங்கள் அங்கை ஒரு புத்தகத்தை மூண்டாக் கிழிச்சுப் பங்கு போட்டு வாசிச்சனாங்கள். நீர் கிழிக்கேல்லைத்தானே. அழாதையும்.”

பதிப்பகத்துக்கு அவா எழுதிய கடிதத்தில் என் பெயர் இல்லை. எங்கள் மாணவர் பலரின் வீடுகளில் இணையம் இல்லை, இந்த மாணவி எடுத்துச் சென்று வாசிக்கவே இறக்கினார், தேவைக்கு மிஞ்சியதை அழித்துவிட்டார். அவ்வளவுதான். மிஞ்சிய கட்டுரைகளையும் ஜனகனின் செயலியையும் அவா முன்னாலேயே நீக்கினேன்.

பிறகு திரையை என் பக்கம் திருப்பினா. பூட்டிக் கிடக்கும் கட்டுரைகளில் பாதியை, எழுதியவர்களே தங்கள் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். எங்கள் நாட்டுப் பல்கலைக்கழக இதழ்கள் கடவுச்சொல் இல்லாமலே திறக்கின்றன. ஈழத்துப் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் பண்ணிச் சேர்த்து வைத்திருக்கும் தளத்தில், மலையகத்திலிருந்து வந்தவர்களைப் பற்றிய ஒரு சிறு வெளியீடு. இதை நான் ஒருபோதும் தேடவில்லை. ஆங்கில இதழ் மட்டும்தான் ஆய்வு என்று நினைத்திருந்தேன் போல.

“சுரேகாவுக்கும் அனுப்பும்,” என்றா.

அனுப்பினேன். “நீ தெய்வமடி” என்று பதில் வந்தது. அதை வாசிக்கத்தான் ஏலாமல் இருந்தது.

மார்ச் 13, வியாழன், போயா (பௌர்ணமி) விடுமுறை

பதிப்பகத்திடமிருந்து ஒன்றும் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

திறந்துவிட்டார்கள்!

குளக்கட்டில் நின்று இரண்டு தரம் வாசித்தேன். றிபாஸ்: “மாட்டை அவிட்டு விட்டிட்டினம். வேலியைப் பாத்துக்கொள்ளுங்கோ.” இந்த முறை சிரிக்கும் முகம் போடவில்லை, உண்மையாகவே சிரித்தேன். குளத்தில் நின்ற கொக்கு ஒன்று எழும்பிப் பறந்தது.

இரவு நல்ல பசி. அம்மா இரண்டாம் தரமும் சோறு போட்டா.

மார்ச் 28, வெள்ளி

கொடுத்தாயிற்று. சுரேகாவும் கொடுத்துவிட்டாள். இறக்கிய அந்தக் குவியலில் கடைசியில் பயன்பட்டவை ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

ஜூன் 13, வெள்ளி

நூலகச் சுவரில் மிஸ் ஒட்டிய தாள்: “வீட்டில் சிக்னல் இல்லாதவர்கள் ஊருக்குப் போகுமுன் என்னிடம் வாருங்கள். வேண்டியதைச் சேர்ந்து தேடுவோம்.” வெள்ளிப் பின்னேரங்களில் அவாவோடு நானும் இருக்கிறேன். மிஸ்தான் கேட்டா, ஓம் என்றேன். நான்!

இன்று முதலாம் வருட யதுர்ஷிகா, கண்டாவளைப் பிள்ளை, ஒரே நேரத்தில் திரை நிறையக் கட்டுரைகளைத் திறந்து வைத்துக்கொண்டு அவசரப்பட்டாள். கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தேன்.

“பொறும், பொறும். தலைப்பு என்ன? முதல் அதைச் சொல்லும்.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, ஒருக்கா ஆரோ ஒரு மாடு முழுக்க மேஞ்சு கம்பஸையே மூட வைச்சதாமே. ஆரெண்டு தெரியுமோ?”

பின்னால் சுரேகா ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

“தெரியும்,” என்றேன், அவளுக்கும் கேட்கிற மாதிரி. “நான்தான். நல்ல பசியிலை இருந்தனான்.”

சுரேகாவின் பேனை நின்றது. பிறகு முதுகில் ஒரு அடி விழுந்தது. “அடி மாடே,” என்றாள், சிரித்துக்கொண்டு.