இடைவேளையில் நீ சொன்ன இரண்டு வசனங்கள்

எனக்குப் பின்னால் பிறந்து, என்னைவிட ஒரு முழம் உயரமாய் வளர்ந்துவிட்ட என் குகனுக்கு,

சண்டை முடிந்துவிட்டது. நீ போன அடுத்த மாதமே முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். விபோர்க் என்ற இந்த டேனிஷ் ஊரில் அன்று நல்ல வெயில். நான் வேலைக்குப் போய், நகரசபையான கொம்யூனின் தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளை வழக்கம்போலச் சரிபார்த்தேன். மத்தியானம் ஒருத்தி, "உங்கள் நாட்டில் சமாதானம் வந்துவிட்டதாமே" என்று கை கொடுத்தாள். கையை வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

வசந்தி உயிரோடு இருக்கிறாள். நம் தங்கச்சி, சண்டைக்குள்ளிருந்து தப்பி வந்தவர்களை அடைத்திருக்கும் செட்டிகுளத்து முகாமில் முள்ளுக்கம்பிக்கு உள்ளே இருக்கிறாள். அவளைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அதை எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், ஆனால் நேரே அங்கே போக எனக்குத் தைரியம் இல்லை.

போன சனிக்கிழமை செல்வா அண்ணை கிரின்ஸ்டெட்டிலிருந்து கார் ஓடி வந்தார். அவர் நடத்தும் தமிழ்ச் சங்கத்தில் உனக்கு ஒரு நினைவுக்கூட்டம் வைக்கப்போகிறார்களாம். உன் செத்தவீட்டுக்கு வராத அதே செல்வா அண்ணைதான். கூட்டத்தில் வாசிக்க உன் வாழ்க்கையை நான் சுருக்கமாக எழுதித் தரவேண்டுமாம்.

எதை எழுதுவது? கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் உன்னோடு நின்ற டேனிஷ்காரன் ஒருவன் உன் தோளைப் பார்த்துவிட்டு அமெரிக்க ஃபுட்போல் கழகமொன்றுக்குக் கூட்டிப்போனதையா? தலைக்கவசமும் தோள் கவசமும் போட்டு நீ அனுப்பிய படத்தைப் பார்த்து அம்மா, "இவன் அங்கை ஆமியிலை சேர்ந்திட்டானோ?" என்று எனக்கு எழுதிக் கேட்டா. நம் ஆட்களுக்கும் அந்த ஆட்டம் கடைசிவரை விளங்கவில்லை. கலியாணவீடுகளில் உன்னை மறித்து, "பந்தைக் கையிலை தூக்கிக்கொண்டு ஓடுறதுக்கு ஏனடாப்பா ஃபுட்போல் எண்டு பேர்?" என்று கேட்பார்கள். "நான் ஓடுறேல்லை அண்ணை. ஓடுறவனை விழுத்துறதுதான் என்ரை வேலை" என்பாய்.

பிறகு ஜெர்மனியில் ஓர் அணி உன்னைச் சம்பளத்துக்கு எடுத்தது. தடுப்பு வரிசையில் கடைசி ஆள் நீ. உன்னைத் தாண்டிவிட்டால் அப்புறம் மறிக்க எவரும் இல்லை. ஓடி வருபவனின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு ஒருநாள் விளங்கப்படுத்தினாய். "முகத்தாலை ஏமாத்தலாம் அக்கா, தோளாலையும் ஏமாத்தலாம். இடுப்பு எந்தப் பக்கம் திரும்புதோ, அந்தப் பக்கம்தான் ஆள் போவான்." அந்த ஆட்டத்தில் எனக்கு விளங்கிய ஒரே விஷயம் அதுதான்.

முழங்கால் போன பின் திரும்பி வந்தாய். கோட்டுப் போட்டு, இங்கே ஒரு தனியார் தொலைக்காட்சியில், அமெரிக்காவிலிருந்து வரும் அதே ஆட்டத்தை டேனிஷ்காரருக்கு டேனிஷில் விளக்கிச் சொல்லும் வேலையில் இருந்தாய். அமெரிக்காவில் விளம்பரம் போடுவதற்காக ஆட்டத்தை அடிக்கடி நிறுத்துவார்கள். இங்கே போடுவதற்கு அவ்வளவு விளம்பரம் இல்லை. அந்த வெறும் நேரத்தை நீயும் உன்னோடு விளக்கம் சொல்லும் ஹென்றிக்கும் பேசித்தான் நிரப்ப வேண்டும். அதில் நீ கெட்டிக்காரன். முழங்கால் கதை, ஜெர்மன் பஸ் பயணங்களின் கதை, ஒருமுறை றால் குழம்புக்கு எப்போது பால் விடுவது என்பதுகூடச் சொன்னாய். ஆட்டம் விளங்காத நான் அந்த இடைவேளைகளுக்காகவே பார்த்தேன்.

அப்படி ஒரு இடைவேளையில்தான் அதையும் சொன்னாய். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். வசந்தியிடமிருந்து தொலைபேசி நின்று பல நாளாகியிருந்தது. "என் தங்கை இலங்கையின் வடக்கில் இருக்கிறாள், பாதுகாப்பான இடம் என்று சொல்லி அரசாங்கம் அவர்களை ஒரு துண்டு நிலத்துக்குள் வரச்சொல்லிவிட்டு, அதற்குள்ளேயே செல் குண்டு அடிக்கிறது. அவளுக்காகச் சண்டை பிடிப்பதாகச் சொல்பவர்கள், அவளை அங்கிருந்து வெளியேற விடுவதில்லை." இரண்டே வசனங்கள். ஓர் ஆட்டக்காரனின் பிழையை விளக்குகிற அதே குரல். ஹென்றிக் இருமினான். பிறகு, "சரி, ஆட்டத்துக்குப் போவோம்" என்றான்.

தொலைக்காட்சிக்காரர் கோபிக்கவில்லை. கோப்பி ஊற்றித் தந்து, நீ களைத்துப்போயிருக்கிறாய், அடுத்த பருவத்தைப் பற்றிப் பிறகு கதைப்போம் என்றார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை. நம் ஆட்கள் அப்படிப் பூசி மெழுகவில்லை. "வெள்ளைக்காரனுக்கு முன்னாலை எங்கடை ஆக்களைக் காட்டிக்குடுத்திட்டான்" என்றார்கள். கடையில் உன்னைக் கண்டால் அரிசி மூட்டையின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நீ அதைச் சிரித்துச் சிரித்துத்தான் எனக்குச் சொன்னாய். அந்தச் சிரிப்பை நான் நம்பியிருக்கக்கூடாதோ?

சித்திரையில் ஹ்விடோவ்ரேயில் உன் வீட்டு மாடிப்படியில் விழுந்தாய். நெஞ்சடைப்பு என்றார்கள். செத்தவீட்டுக்கு ஹென்றிக் வந்தான். உன் பழைய அணிக்காரர் பட்டன் பூட்ட முடியாத கோட்டுகளோடு வந்து பின்னால் நின்றார்கள். நம் ஆட்கள், உட்காரும் வாங்கு ஒன்றை நிரப்பவும் காணாது.

அப்படிப்பட்ட உனக்குத்தான் இப்போது கூட்டம். செல்வா அண்ணை கணினியைத் திறந்து, கூட்டத்தில் காட்டப்போவதை எனக்குக் காட்டினார். நீ முதல் வசனத்தைச் சொல்கிறாய். அடுத்ததற்கு வாய் திறக்கிறாய். அந்த இடத்தில் படம் உறைந்து, வயலின் அழத் தொடங்குகிறது.

"மற்றது எங்கை அண்ணை?"

"எது தங்கச்சி?"

"ரெண்டாவது வசனம்."

"இப்ப சனம் இருக்கிற நிலைமையிலை அது தேவையோ? பிள்ளையளைப் பறிகுடுத்ததுகளும் வந்து இருக்குங்கள். நீர் படிச்சனீர், உமக்கு விளங்கும்."

"அவன் ரெண்டையும் சேர்த்துத்தான் சொன்னவன்."

"தம்பி அண்டைக்குப் பதட்டத்திலை சொல்லிப்போட்டான். அதை நாங்கள் மன்னிச்சிட்டம்."

மன்னித்துவிட்டார்களாம், குகன். கேட்டாயா?

அவர் முகத்தில் துக்கம் இருந்தது. அதைப் பொய் என்று சொல்லமாட்டேன், அவருடைய தமையனின் மகளும் அந்தத் துண்டு நிலத்தின் கடற்கரையில்தான் செத்துப்போனாள். ஆனால் நீ சொல்லித்தந்தபடி நான் முகத்தைப் பார்க்கவில்லை. வந்ததிலிருந்து அவர் கதவுப் பக்கம் பாதி திரும்பியபடியே இருந்தார்.

"முழுசாப் போடுங்கோ. இல்லாட்டிப் போடாதேங்கோ" என்றேன்.

"அப்பிடியெண்டால் கூட்டமே வைக்கேலாது."

"வைக்காதேங்கோ."

தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினார். வாசலில் குனிந்து சப்பாத்துப் போட்டபடி, "தம்பியைப் போலத்தான் தமக்கையும்" என்றார். திட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அன்று முழுவதும் ஒரு பெருமை. உன் பக்கத்தில் நானும் கடைசி ஆளாய் நின்று ஒருவரை மறித்துவிட்டதாக நினைப்பு.

செவ்வாய்க்கிழமை, அத்தனை மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாக, வசந்தி எடுத்தாள். முகாமில் யாரோ ஒளித்து வைத்திருக்கும் தொலைபேசி. பின்னால் வேறு ஆட்கள் காத்து நிற்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, கெதியாக் கதை. இன்னும் ஆக்கள் நிக்கினம்."

என்ன கதைப்பதென்று தெரியாமல், நீ தொலைக்காட்சியில் சொன்னதைச் சொன்னேன். இரண்டு வசனத்தையும்.

"ரெண்டையும் சொன்னவரோ?"

"ஓம்."

"அந்த வெள்ளைக்காரச் சனத்துக்கு முன்னாலையோ?"

"ஓம்."

"நாங்கள் முதல் வெளிக்கிடேக்கை, எங்களுக்காகச் சண்டை பிடிச்ச எங்கடை பெடியள்தான் அக்கா தடியாலை அடிச்சுத் திருப்பினவை. பிறகு செல்லுக்குள்ளாலை, தண்ணிக்குள்ளாலை வந்தனாங்கள். இஞ்சை ஒருத்தரும் அதை வாய் திறந்து கதைக்கிறேல்லை." பின்னால் யாரோ அவளை அவசரப்படுத்தினார்கள். "அண்ணை எனக்காகச் சொன்னவரோ? அண்ணை அங்கை வந்து நிண்டால் குடு. ஒருக்காக் கதைக்கவேணும்."

"அண்ணை வேலைக்குப் போட்டார்" என்றேன்.

"அப்ப பிறகு எடுக்கிறன். இருக்கச் சொல்லு, என்ன?"

"ஓம். சொல்லுறன்."

செல்வா அண்ணையை முழுதாய்ப் போடச் சொல்லி மறித்த அதே வாய்தான் இந்தப் பொய்யையும் சொன்னது, குகன். அழுவதற்கு ஒரு மறைவுகூட இல்லாத இடத்தில், கடன் வாங்கிய தொலைபேசியோடு நிற்பவளிடம் எப்படிச் சொல்வது? இப்போது அவள் இருக்கிற நிலைமையில் அது தேவையா? இதை எழுதும்போதுதான் தெரிகிறது, செல்வா அண்ணையும் இதே சொற்களைத்தான் சொன்னார். அவர் உன் ஒரு வசனத்தைத்தான் வெட்டினார். நான் உன் சாவையே வெட்டிவிட்டேன்.

நீ என்றால் என்ன செய்திருப்பாய் என்று கேட்கத் தேவையில்லை. நீ செய்துகாட்டிவிட்டாய், அதற்கு என்ன கிடைத்தது என்பதையும் கண்டேன்.

அவள் அடுத்த முறை எடுக்கும்போது சொல்வேன். பின்னால் ஆட்கள் நின்றாலும் சொல்வேன். "நீ உயிரோடை இருக்கிறாய் எண்டு கேள்விப்பட அண்ணை இருக்கேல்லை" என்று, தொலைக்காட்சியில் நீ சொன்ன அதே குரலில் சொல்லப் பார்க்கிறேன், உயர்த்தாமல். அதற்குப் பிறகு அவள் வைத்துவிட்டாலும், மணி மறுபடி அடிக்கும்வரை இந்தத் தொலைபேசியை விட்டு எழும்பமாட்டேன்.

உனக்கும், இன்னும் அறியாத அவளுக்கும்
மூத்தவள்