ஒருமனதாக

அன்பு மகளே,

உன் துறையை மூடும் தீர்மானம் "ஒருமனதாக நிறைவேறியது" என்று பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் கூட்டக் குறிப்பில் இருக்கிறது. உறுப்பினரான என் தலையசைப்பும் அதில் சேர்த்தி. நீ என்னோடு பேசாமல் இருப்பது நியாயமே.

அன்று மதியம் கூட்ட அறையின் திரைச்சீலை மெல்ல அசைந்தது. மறைந்த உன் அப்பா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "வர்றியா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்?" என்றார். தலையசைத்தேன்.

"அம்மாவே சரின்னுட்டாங்க, அப்புறமென்ன!" என்ற பதிவாளரின் குரலில்தான் விழித்தேன். கான்வென்டில் நிமிர்ந்து உட்காரப் பழக்கியதால், நான் தூங்கியது யாருக்கும் தெரியவில்லை. சொல்ல எனக்கும் வெட்கம்.

எங்கள் விதிப்படி, ஒருவர் மறுத்தாலும் துறையை மூட முடியாது. நாளை கூட்டத்தில் குறிப்பை உறுதிசெய்யும்முன் எழுந்து, தூங்கியதைச் சொல்லி, 'ஒருமனதாக' என்ற அந்த ஒரு சொல்லை அடித்துவிடச் சொல்வேன். சிரிக்கட்டும். நான் சம்மதித்தது உன் அப்பாவோடு நடக்க மட்டுமே.

நிமிர்ந்தபடியே,
உன் அம்மா