ஆத்தா சொன்ன கடைசி ரீல்

கதை சொல்லும்போது சிரிப்பை அடக்கத் தெரியாத என் ஆத்தாவுக்கு,

நம் கறம்பக்குடிக்கு டூரிங் டாக்கீஸ் வந்துவிட்டது. சந்தைத் திடலுக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். நீ ஒரு படம் பார்க்கத் திருக்கோகர்ணத்தில் மாமா வீட்டுக்குப் போய், அங்கிருந்து புதுக்கோட்டைத் தியேட்டருக்கு நடக்க வேண்டியிருந்தது. இப்போது கொட்டகைப் பாட்டு நம் அடுப்படிக்கே கேட்கிறது. நீ இருந்தபோதே, ஒரு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

இன்னொரு செய்தி. அப்பா நம் பலசரக்குக் கடை வாசலில் சினிமா விளம்பரத் தட்டி வைக்க இடம் கொடுத்தார். அதற்காகக் கொட்டகைக்காரர் தந்த இலவசப் பாஸ் எனக்கு வந்துவிட்டது. பரீட்சை லீவு வேறு! போன வாரம் தினம் ஒரு பழைய படம். நானும் பக்கத்து வீட்டுக் காமாட்சி அக்காவும் பெண்கள் பக்கம் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து பார்த்தோம். எல்லாம் நீ பார்த்துவிட்டு வந்து நம் தெருப் பெண்களுக்குக் கதையாகச் சொன்ன படங்கள்தான்.

முதலில் ராஜா படம். எதிரி கத்தியை உருவிக்கொண்டு நிற்கிறான்; ராஜா பாட்டை முடிக்கிறவரை பொறுமையாகக் காத்திருக்கிறான். அவ்வளவு மரியாதை தெரிந்தவனை எதற்குக் கெட்டவன் என்கிறார்கள்? எல்லோரையும்விட நன்றாக நடித்தது குதிரைதான். நீ அதைச் சிவப்புக் குதிரை என்று சொல்லியிருந்தாய். எனக்குச் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. ராஜாவின் பட்டும் சாம்பல், நந்தவனமும் சாம்பல்.

மறுநாள் மாயாஜாலப் படம். மந்திரவாதி ராஜகுமாரனையும் இளவரசியின் தோழியையும் கிளிகளாக்கிவிடுகிறான். கிளியான பிறகும் ராஜகுமாரனுக்கு அதே கட்டைக் குரல்! நான் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்த பாப்பா அழுதுவிட்டது. ஆனால் ஆத்தா, நீ சொன்ன கதையில் கடைசியில் தோழியும் பெண்ணாகிவிடுவாளே? படத்தில் அவளை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ‘சுபம்’ என்று எழுத்து வந்த பிறகும் நான் கூண்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் காலேஜ் பெண் படம். எனக்குக் கோபமே வந்தது. முதலிலிருந்து முடிவு வரை ஒரே புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிகிறாள். ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. காமாட்சி அக்காவிடம் முறையிட்டேன்.

“படிக்க ஒக்காந்துட்டா அழுகுறதுக்கு ஏதுடி நேரம்?” என்றாள்.

நீ சொன்ன கதையில் அவள் பி.ஏ. பாஸ் செய்தாள். படத்தில் பரீட்சையே வரவில்லை. மறுநாள் அரிசி களையும்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ முடிவுகளையெல்லாம் மாற்றியிருக்கிறாய்! களைந்த தண்ணீரோடு அரிசியும் போகிற அளவுக்குச் சிரித்தேன். உடனே பயமும் வந்தது. ஏனென்றால் சனிக்கிழமை போடப்போவது சிவகாமி அத்தையின் படம்.

அத்தையைப் பற்றி உனக்கா சொல்ல வேண்டும்? கல்யாணமான மறுவருஷமே கணவரை இழந்து, அண்ணன் வீடு என்று நம்மிடம் வந்தவள். ஊர் பேசும் என்று ஒரு படமும் பார்த்ததில்லை. உன் வாயால் கேட்டதோடு சரி. அதிலும் அந்த இளம் விதவையின் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாள். மாம்பழ நிறச் சேலை கட்டி வாழ்ந்த பெண், புருஷனை இழந்து, மாமியாரிடம் வசவு வாங்கி, கடைசியில் பச்சைத் தையல் மிஷின் ஒன்று வாங்கித் தலைநிமிர்ந்து வாழ்கிற கதை.

அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் அத்தை புதுக்கோட்டையில் தையல் டீச்சர் பயிற்சிக்கு மனுப் போட்டாள். இடமும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். இந்த நேரத்தில் படத்தின் முடிவு வேறாக இருந்தால்? அவள் போகாமலே இருந்துவிட்டால்?

சனிக்கிழமை அத்தை கடைக்கே வந்து நின்றாள்.

“அண்ணே, இன்னைக்கு நானும் வாரேன்.”

அப்பா எடைக்கல்லைக் கையில் வைத்தபடி நின்றார். “எங்கிட்டு?”

“கொட்டகைக்கு. அண்ணி சொன்ன மிஷினப் பாத்துட்டுத்தான் ஊருக்குப் போவேன்.”

“ஊரு ஏதாச்சும் சொல்லுமே தாயி.”

“நாளன்னைக்கு நான் புதுக்கோட்டையில இருப்பேன். சொல்றவுக ஒங்ககிட்டத்தான் சொல்லணும்.”

அப்பா சிரித்துவிட்டார். “அப்ப மாட்டிக்கிட்டது நானா? சரி, போயிட்டு வா.”

நான் தடுத்துப் பார்த்தேன். “அத்தை, படம் நல்லா இருக்காதாம்.”

“ஒங்காத்தா நல்லா இருக்குன்னு சொன்னதுக்கு அப்பறம் நீ என்னடி?” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அந்தப் படத்து மாமியார் நடிப்பு அபாரம். பெண்கள் பக்கமிருந்து மணலை வாரித் திரையில் வீசினார்கள். ஆனால் நான் திரையைப் பார்த்ததைவிட அத்தையைப் பார்த்ததுதான் அதிகம். நான் பயந்தபடியே நடந்தது. கதாநாயகி ஆற்றில் இறங்கினாள். தண்ணீர் மூடியது. ‘வணக்கம்’ என்று எழுத்து வந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. காமாட்சி அக்காதான் முதலில் குரல் கொடுத்தாள். “யோவ், கடைசி ரீலு எங்கய்யா?”

கொட்டகை மேனேஜர் ஓடி வந்தார். “இம்புட்டுத்தான் தாயே படம்.”

“யாருகிட்ட கதை விடுற? எங்க பார்வதி, இந்தா இவளோட ஆத்தா, புதுக்கோட்டையில முழுசாப் பாத்துட்டு வந்து சொல்லியிருக்கா. மிஷினு வாங்குறத வெட்டிப்புட்டியா?”

“என்ன மிஷினு?”

தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், “பச்சை மிஷினு!” என்றார்கள்.

“பச்சையா?” என்று அவர் திரும்பி அந்த வெள்ளைத் திரையைப் பார்த்தார் பார், ஆத்தா! நீ இல்லாமல் போனாயே!

அப்போது அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மணலில் சாய்ந்து சிரித்தாள். நம் வீட்டுக்கு வந்த பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மேனேஜர் பாவம், அந்த ரீலைக் கம்பெனிக்கு எழுதி வரவழைப்பதாகச் சத்தியம் செய்து எல்லோரையும் அனுப்பி வைத்தார்.

வழியில் மெல்லக் கேட்டேன். “அத்தை, ஒனக்கு வருத்தமா?”

“படம் ஆரம்பிச்சதுமே தெரிஞ்சுபோச்சுடி. மாம்பழக் கலரு சேலையத் தேடுனேன். இங்க ஒரு கலரையும் காணோம். அப்பவே நெனச்சேன், அண்ணி எனக்குன்னு பாத்த படம் வேறன்னு.”

“அப்ப திங்கக்கெழம போவியா?”

“பெறகு? ஆத்துல போயி விழுகச் சொல்றியா? படத்துல இல்லாட்டி என்ன, புதுக்கோட்டையில மிஷினு இருக்குல்ல.”

போய்விட்டாள், ஆத்தா! அப்பாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டார். காமாட்சி அக்கா மட்டும் இன்னும் கடைசி ரீலுக்குக் காத்திருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று அத்தையிடமிருந்து கார்டு வந்தது. அங்கே எல்லா மிஷினும் கறுப்பாம். ‘டீச்சரானதும் சொந்தமாக ஒன்று வாங்கிப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொள்வேன், அண்ணியிடம் சொல்’ என்று எழுதியிருக்கிறாள். சொல்லிவிட்டேன்.

கிளிப் படத்துக்கு வர முடியாத பெண்கள் நாளைக்கு என்னிடம் கதை கேட்க வருகிறார்கள். பயப்படாதே, அந்தத் தோழியைக் கூண்டில் விட்டுவிட மாட்டேன். நானே திறந்துவிடுகிறேன். வெளியே வரும்போது அவள் உனக்குப் பிடித்த ஊதாச் சேலையில் வருவாள்.

நீ வண்ணம் பூசித் தந்த கதைகளை நம்பி வளர்ந்த,
உன் மகள்
கனகம்