எட்டு மில்லிமீட்டர் தகடு

அம்மா,

ராயபுரத்தில் இரும்புத் தகட்டை எடைபோடத் தராசே தேவையில்லை, நான் போதும். நீளம், அகலம், தடிமன், அடர்த்தி நான்கையும் பெருக்கினால் எடை வந்துவிடும். நேற்று மட்டும் எட்டு மில்லிமீட்டரை எட்டு சென்டிமீட்டர் என்று போட்டுவிட்டேன். அப்பா பட்டறையில் தூக்கும் தகடு இரண்டு டன் இல்லை, இருநூறு கிலோகூட வராது. ஒரு டன் தாங்கும் சங்கிலிக்கு அது தூசு.

இப்போதுதான் ஃபோன் செய்தார். "தகடு மேல ஏறிட்ச்சிடா. இன்னாமோ யானை கணக்கா சொன்ன, பூனை மாரி தொங்கிகினு கீது!"

என் கணக்கை நம்பி, சங்கிலி அறுந்துவிடும் என்று பயந்து "போகாதே" என்று நீ போட்ட சண்டையில் சாப்பிடாமல் போனவர். வந்ததும் மீன்குழம்பைச் சுடவைத்துக் கொடு, பேசிவிடு.

பிராங்கிளின்

வண்டிச் சாவி என்னிடம்.

அப்பாவுக்காக நீ நேர்ந்து வாங்கிய மெழுகுவர்த்தியைத் தேடாதே. "இது சங்கிலியைத் தாங்குமா?" என்று சிரித்த நானேதான் கோயிலுக்கு எடுத்துப் போகிறேன்.