அக்காவுக்குப் பிடித்த உளவாளி

அக்கா,

உங்கள் மகன் கொண்டுவந்து தந்த பெட்டியைத் திறந்ததும் மிளகாய்த்தூள் மணம்தான் முதலில் வந்தது. உளவு நாடக டிவிடிகளைத் தூள் போத்தலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். கேட்டீர்களா? இப்போது இங்கிலாந்து உளவாளிகள் எல்லோரும் யாழ்ப்பாணத்துக் குழம்பு மணக்க என் மேசையில் கிடக்கிறார்கள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தும்மினேன். பிறகு அழுதேன்.

சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் கிழமையே, ஊர்ச் சண்டைக் காலத்தில் உங்கள் கணவரை ஆமி பிடித்துக்கொண்டு போனதையும் அவர் திரும்பி வராததையும் ஒரே வசனத்தில் சொல்லி முடித்தீர்கள். அடுத்த வசனத்தில், "இங்கிலிசு உளவு நாடகம் பாப்பியோ?" என்று கேட்டீர்கள். நம்முடைய தொடர்களைப் பார்ப்பதில்லையா என்று கேட்டேன். "அதுகளைப் பாத்தா அழுகை வரும். இதுகளைப் பாத்தா யோசினை வரும். எனக்கு அழுது முடிஞ்சுது, பிள்ளை" என்றீர்கள்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் நம்முடையவையாயின. வெளியே பனி கொட்டும். உள்ளே நாம் தேத்தண்ணியும் வடையுமாக லண்டன் மழையைப் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்குப் பிடித்தது ஓட்டமும் துரத்தலும் உள்ள தொடர். எல்லைக் கம்பி, ரயில், துப்பாக்கி, கடைசியில் காட்டிக்கொடுத்தவனைக் கொலரில் பிடித்து இழுத்து வருவார்கள். உங்களுக்குப் பிடித்தது மற்றது. அதில் ஒருவரும் ஓடுவதில்லை. நனைந்த கோட்டும் பழைய கோப்புகளுமாக ஒரு வயதான அதிகாரி. தன்னோடு வேலை செய்யும் ஒருவன்தான் துரோகி என்று சந்தேகப்படுகிறார். ஆனால் பாகம் பாகமாக அவனோடே இருந்து தேநீர் குடிக்கிறார். எனக்கு இரண்டாம் பாகத்திலேயே நித்திரை தூக்கிவிடும். முழங்கையால் இடித்து எழுப்புவீர்கள்.

என்னுடைய தொடர் ஓடினால் உங்கள் கை ரிமோட்டிலேயே இருக்கும். கதாநாயகன் ஆளைச் சுட்டிக்காட்டும் இடத்தில் சரியாக நிறுத்துவீர்கள்.

"என்ன சாட்சியை வச்சு இவரைப் பிடிக்கினம்? பயந்த முழியும் வேர்வையுமோ?"

"அக்கா, மியூசிக்கைக் கேக்கேல்லையோ? அப்ப இவர்தான்."

நான் பகிடியாகச் சொன்னதற்கு நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் தொடரின் கடைசிப் பாகத்தை அதன் பிறகு போட்டுக் காட்டினீர்கள். அந்த அதிகாரி துரோகியைக் கண்டுபிடித்த பிறகு ஒரு கதிரையில் போய்ச் சும்மா இருக்கிறார். "பிடிச்ச மனுசனுக்கே சந்தோசம் இல்லை, பாத்தியே" என்றீர்கள். அக்காவுக்கு எல்லாவற்றிலும் ஒரு குறை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஓர் இலையுதிர்காலச் சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தைக்கு என்னையும் கூட்டிப் போனீர்கள். வழக்கமான கடையில் கத்தரிக்காய் பொறுக்கினீர்கள். நிறுத்துத் தருபவர் நம் ஊர்க்காரர். உங்களைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு கட்டு கொத்தமல்லியைச் சும்மா வைத்துத் தந்தார். பையை எட்டி எடுக்கும்போது அவருடைய வலது தோள் ஒருதரம் துள்ளியது. அது என் நினைவில் நின்றதே நீங்கள் பிறகு சொன்னதால்தான்.

மெத்ரோ ரயிலுக்கு நடந்து வரும்போது சொன்னீர்கள். அந்த நாளில் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம். வரிசையாக இருத்தப்பட்ட ஆண்கள். தலையில் சாக்கை மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டு, ஆமி ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்ட ஒருவன். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் கொண்டுபோனார்கள். அவன் தலையாட்டிய ஆட்கள் வீட்டுக்கு வரவில்லை. உங்கள் கணவரும்தான். நீங்கள் மகனை வயிற்றில் சுமந்தபடி வேலிக்கு வெளியே மற்றப் பெண்களோடு நின்றீர்கள்.

"தலையாட்டுறதுக்கு முந்தி ஒவ்வொரு தரமும் அந்தத் தோள் துள்ளினது. இவருக்குத் துள்ளுற மாதிரி."

நான் ரோட்டிலேயே நின்று கத்தினேன். பொலிசுக்குச் சொல்லுங்கோ, மகனுக்காவது சொல்லுங்கோ என்றேன். நீங்கள் பையைக் கை மாற்றிப் பிடித்தீர்கள்.

"தோள் துள்ளுற ஆள் உலகத்திலை ஒருத்தர்தானோ? நிச்சயமில்லாமல் நான் ஆளைக் காட்டினா, நானும் தலையாட்டிதானே, பிள்ளை."

அதற்குப் பிறகும் சனிக்கிழமை தவறாமல் போனீர்கள். அவர் ஊரைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, முன்பு எங்கே இருந்தார் என்பதைப் பற்றிக் கதை கொடுத்துக் கேட்டீர்கள். வருடக்கணக்காக அவரிடம் கத்தரிக்காய் வாங்கிச் சமைத்து, எனக்கும் போட்டீர்கள். அதை நானும் தின்றேன். நிச்சயமாகத் தெரிந்ததா என்று நான் கேட்கும்போதெல்லாம் "இல்லை" என்றீர்கள். அதே பதிலோடு வருத்தம் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், போய்விட்டீர்கள்.

செத்தவீட்டுக்கு அவர் வந்தார், அக்கா. மலர்ச்சாலையில் உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, சொந்தக்காரர் அழாத அளவுக்கு அழுதார். ஒரு நல்ல வாடிக்கையாளருக்காக அழுதாரா, வேறெதற்காகவோ என்று நான் அவர் தோளையே பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் அதைப் பார்த்தேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்காகச் சடங்கு முழுவதையும் வீடியோ எடுத்து நேரலையாக விட்டார்கள் அல்லவா? டிவிடிப் பெட்டியோடு வந்த அன்று உங்கள் மகன் அந்த வீடியோவைத் தன் போனில் போட்டுக் காட்டினான். பிரெஞ்சில்தான் அவன் யோசிப்பான் என்று நீங்கள் குறைப்படுவீர்கள். அன்று ஒரு சொல் பிரெஞ்சு கலக்காமல் கதைத்தான்.

"கடைசி நாளிலை அம்மா என்னட்டை, அப்பாவைக் காட்டிக் குடுத்த ஆள் இந்த ஊரிலை இருக்கிறார் எண்டவா. ஆர் எண்டு கேட்டன். சொல்லேல்லை. உங்களுக்குத் தெரியும் அன்ரி. அம்மா உங்களிட்டைச் சொல்லாத ஒண்டும் இல்லை."

அவன் வீடியோவை நிறுத்தி, போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான். அவர்தான், கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தபடி.

"எங்கடை மரக்கறிக்காரர் ஏன் இவ்வளவு அழுகிறார்? இவரோ? நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம் அன்ரி. தலையை மட்டும் ஆட்டுங்கோ."

தான் என்ன கேட்கிறான் என்று அவனுக்குத் தெரியாது, அக்கா. உங்கள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. பாதியை அவனிடமும் பாதியை என்னிடமும் விட்டுவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். ஆமென்றால் ஒரு மனிதனை முடித்துவிடுவேன். இல்லையென்றால் உங்கள் கணவரை இன்னொரு தரம் விற்றவள் ஆவேன். தெரியாது என்று சொல்லலாம், அதுதான் உண்மை. ஆனால் அவன் என்னிடம் சொல் கேட்கவில்லை. தலையை மட்டும் மேலும் கீழும் போகாமல், இடமும் வலமும் போகாமல், பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டேன். கழுத்து நரம்பெல்லாம் இழுத்தது.

அவன் போனைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"சரி அன்ரி. விளங்கிட்டுது" என்றான்.

என்ன விளங்கியது என்று கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை, அக்கா. நாளைக்குச் சனிக்கிழமை. தன்னோடு சந்தைக்கு வரச்சொல்லி அவன் சொல்லியனுப்பியிருக்கிறான்.