வால் வந்தாச்சு

ஜூலை 7, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: இன்றைய மலை நடையில் பாதித் தூரத்தை நான் பால் வண்டியில் நடந்தேன்.

எல்லாம் புது பூட்ஸ் செய்த வேலை. "போடப் போடச் சரியாயிடும் சார்" என்றான் விற்றவன். மூக்கு வலிக்கிறது என்று என் கண்ணாடிக் கடைக்குத் திரும்பி வருகிறவர்களிடம் நானும் இதையேதான் சொல்கிறேன். வினை விதைத்தேன், குதிகாலில் அறுத்தேன்.

எங்கள் நடைக் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவர் ஒட்டகம். பள்ளியில் கணக்கு வாத்தியார். பெயருக்குக் காரணம் கழுத்து. பாதை பிரியும் இடத்தில், தனக்கு அடுத்து வருகிறவரை நிறுத்திவிட்டுப் போவார். அப்படி நிற்பவர்தான் கைகாட்டி. பின்னால் வருகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டு, கடைசி ஆள் வரும்வரை அசையாமல் நிற்க வேண்டும். கடைசி ஆளுக்குப் பெயர் வால். வால் வந்து தோளில் தட்டினால்தான் கைகாட்டிக்கு விடுதலை. ஆக, வால் அடிவாரப் பாலத்துக்கு வந்துவிட்டால் எல்லோரும் வந்துவிட்டதாக அர்த்தம். தலை எண்ணும் வழக்கமே கிடையாது. கணக்கு வாத்தியார் எண்ணாமல் விட்ட ஒரே இடம் இதுதான்.

இன்று வால் நான்.

முகட்டுக் காட்டைத் தாண்டியதும் நடைபாதைக்குக் குறுக்கே ஒரு மண் ரோடு. அங்கே ஒரு பால் வண்டி நின்றிருந்தது. எனக்கு முன்னால் போன தையல்கார அக்காவிடம், "லேஸ் கட்டிட்டு வரேன், நீங்க போய்க்கிட்டே இருங்க" என்றேன்.

"மெதுவா வா தம்பி, ஆறு எங்கயும் ஓடிடாது" என்றார் அந்த அம்மாள்.

அவர் மரங்களுக்குள் மறைந்ததும் கேன்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துவிட்டேன். பள்ளத்தாக்கைப் பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டு இறங்குவது தனி சுகம். பாலத்துக்கு முன்பே இறங்கி, புதருக்குப் பின்னால் பதுங்கி, முகத்தில் தண்ணீர் தெளித்து வேர்வை தயாரித்துக்கொண்டேன். அக்கா வந்ததும் அவர் முதுகில் ஒட்டிக்கொண்டேன்.

"வால் வந்தாச்சா?" என்றார் ஒட்டகம்.

"வந்தாச்சு" என்றேன், மூச்சு வாங்க. நடிகனாகியிருக்க வேண்டியவன், கண்ணாடி விற்கிறேன்.

அதே நாள், விளக்கு போட்ட பின்

மழை ஊற்றுகிறது. இளவரசர் இன்னும் வரவில்லை.

இளவரசர் என்றால் என் மனைவியின் தம்பி. எங்கள் வீட்டு மாடி அறையில் வாசம். தாயில்லாப் பிள்ளை என்று இவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். முப்பது தாண்டியும் இன்னும் இறக்கிவிடவில்லை. காலையில் எங்களோடுதான் நடக்க வந்தான். யாராவது நண்பன் காரில் தொற்றிக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்தேன். போன் அணைந்து கிடக்கிறது.

"கடைசியா அவனை எங்கே பாத்தீங்க?" என்றாள்.

"பாலத்துக்கிட்டதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? புத்திக்கு முன்னால் வாய் ஓடிவிட்டது. காலையில் மலையேறும்போது இந்தச் சுறுசுறுப்பு இல்லையே.

ஒட்டகத்துக்குப் போன் போட்டேன். "மேல் சந்தியில அவனைத்தானே கைகாட்டியா நிறுத்தினேன்" என்றார். "நீங்க தட்டி விட்டீங்கல்ல?"

இவள் பக்கத்திலேயே நிற்கிறாள். "ஆமா" என்றேன்.

மேல் சந்தி. மண் ரோட்டைத் தாண்டி, காட்டுக்குள் கொஞ்சம் போனால் வரும் கடைசிச் சந்தி. நான் போகாத சந்தி.

ஜூலை 8, திங்கள்

பாலத்தடி. காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆறு காப்பி நிறத்தில் பொங்கி வருகிறது. மீட்புக்காரர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாலத்துக்குக் கீழே தேடுகிறார்கள். ஏன் இங்கே? நான் இங்கே பார்த்தேன் என்று சொன்னதால். இவள் கைப்பிடியைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். குடை நீட்டினேன், வாங்கவில்லை. "அவனுக்கு நீச்சல் தெரியாதுங்க" என்றாள். என்னிடம் இல்லை, ஆற்றிடம்.

அவன் மேலே இருக்கிறான். அங்கேயேதான் நிற்பான். தட்டுகிற கைக்காக ராத்திரி பூராவும் மழையில் — சோம்பேறிதான், ஆனால் அக்கா வளர்ப்பு, நில்லென்றால் நிற்பான். இல்லை, இதற்குள் இறங்கியிருப்பானா? இருட்டில் எந்தப் பக்கம்?

ஊருக்கெல்லாம் பார்வை சரி பண்ணுகிறவன் நான்.

சொல்லிவிடு. இறங்கிப் போய்ச் சொல்லிவிடு. என்னவென்று? பூட்ஸ் கடித்தது என்றா?

அதே நாள், சாயங்காலம், ஆஸ்பத்திரி

கிடைத்துவிட்டான். உயிரோடு.

மீட்புக் குழுத் தலைவர் இவளுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னார்: "இங்கே தேடி இனிப் பிரயோஜனம் இல்லை சார். அணைப் பக்கம் ஆளை அனுப்பிட்டோம். அங்கதான் ஒதுங்கும்."

ஒதுங்கும் என்றார். ஒதுங்குவான் என்று சொல்லவில்லை.

அந்த ஒரு சொல்லோடு என் பொய் தீர்ந்துபோனது. எல்லார் முன்னாலும் கொட்டினேன். பாலத்தில் நான் பார்க்கவே இல்லை, சந்திக்கு நான் போகவே இல்லை, பால் வண்டியில் இறங்கிவிட்டேன், மேலே தேடுங்கள். ஒட்டகத்தின் கழுத்து மெல்ல என் பக்கம் திரும்பியது. குழுத் தலைவர் எதுவும் கேட்காமல் விசில் ஊதி ஆட்களைத் திருப்பினார்.

இவள் மட்டும் கேட்டாள், "பால் வண்டியா?"

அவ்வளவுதான். அடித்திருந்தால் தேவலை.

சந்திக்குக் கீழே, மண் ரோட்டை நோக்கி இறங்கும் சரிவில், ஒரு பாறை இடுக்கில் கிடந்தானாம். வலது கால் முறிந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய். இருட்டில் வழி தவறி இறங்கியிருப்பான் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

காலில் தகடு வைத்து மாவுக்கட்டும் போட்டுவிட்டார்கள். இவள் என்னோடு பேசவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

இளவரசர் வீடு திரும்பி ஹாலில் கொலுவிருக்கிறார். வீட்டில் எனக்கு வரும் செய்தியெல்லாம் அவர் வழியாக. "தம்பி, சாப்பாடு மேஜையில இருக்குன்னு அவர்கிட்ட சொல்லு." அவர் என்கிற நான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் கதை நடக்கிறது. முதல் நாள் ஏதோ சத்தம் கேட்டது. இரண்டு நாள் கழித்து அதற்குக் கண் முளைத்தது. நேற்று எதிர்வீட்டுக்காரருக்கு முழுச் சிறுத்தையே வந்து, இவனைச் சுற்றிவிட்டுப் போனது. இன்னும் ஒரு வாரம் போனால் குட்டியும் போடும்.

சிரிப்பு வருகிறது. ஆனால் கதையின் முடிவு ஒன்றுதான், அதில் சிரிப்பு நின்றுவிடுகிறது. "அத்தான் வந்து தட்டுவாருன்னு நின்னேன். மழை பிச்சுக்கிட்டு ஊத்துது. இருந்தாலும் முறைன்னா முறைதானே? இருட்டின பிறகுதான் நகர்ந்தேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துப் பெரிய மனதோடு புன்னகைப்பான். இவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவாள்.

ஜூலை 20, சனி

இன்று நேராக என்னிடமே பேசினாள். சந்தோஷப்பட்டு டிவி சத்தத்தைக் குறைத்தேன். குறைத்திருக்க வேண்டாம்.

"அவன் கால் ஊன்ற ஆரம்பிச்சதும் நானும் அவனும் தனியா வீடு பாத்துக்கிறோம். தரகர்கிட்ட சொல்லிட்டேன்."

"வண்டியில ஏறினதுக்கா?"

"ஏறினதுக்கு இல்லைங்க. அவன் அங்க கிடக்கறப்போ, நான் ஆத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறப்போ, பக்கத்துல குடை பிடிச்சீங்க பாருங்க. அதுக்கு."

என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும். கடையில் அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. டிவி சத்தத்தைத் திரும்பக் கூட்டினேன்.

ஜூலை 28, ஞாயிறு

நடைக் கூட்டம் கூடிப் பேசியது. இனிமேல் பாலத்தில் தலை எண்ண வேண்டும். மேல் சந்திக்கு இன்றுமுதல் 'மைத்துனர் முனை' என்று பெயர். ஒட்டகமே பலகையில் பெயின்ட் அடித்து மரத்தில் கட்டினார். நான் இனி அவருக்கு நேர் பின்னால் நடக்க வேண்டும், வகுப்பில் பேசுகிற பையனை முன் பெஞ்சில் உட்கார வைப்பது மாதிரி. பலகை கட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டவன் நான்தான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தரகர் இரண்டு வீடு காட்டினாராம். ஒன்றில் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். ராத்திரிச் சாப்பாட்டின்போது தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் எனக்கு எந்த மூலை என்று ஒரு கணம் யோசித்துவிட்டேன். பழக்கம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தரகரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். போனில் காரணம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டாள் என்று எழுத மாட்டேன். இரவுச் சாப்பாடு யார் வழியாகவும் வராமல், தட்டு நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் சத்தமாகத்தான் உட்கார்ந்தது.

நடந்தது இவ்வளவுதான். நடை போன அன்று சாயங்காலமே மகள் பிரசவத்துக்கென்று வெளியூர் போன தையல்கார அக்கா, நேற்றுத்தான் திரும்பினாராம். இன்று இளவரசரைப் பார்க்க வந்தார். பேரனின் போட்டோக்களைக் காட்டி முடித்துவிட்டு, "உனக்கு என்னப்பா ஆச்சு?" என்றார். இளவரசர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சந்தி, மழை, முறை, சிறுத்தை. அக்கா டீயை ஆற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"நீ எந்தச் சந்தியில தம்பி நின்னே?"

"மேல் சந்திதான் அக்கா. இப்ப என் பேர்ல பலகையே இருக்கு."

"அங்க யாரும் இல்லையே. நான் ரெண்டு பக்கமும் குரல் கொடுத்துப் பாத்துட்டு, மண்ணுல பூட்ஸ் தடம் எந்தப் பக்கம் போகுதுன்னு தேடித்தான் திரும்பினேன்."

இளவரசர் தன் மாவுக்கட்டை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இவள் பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"மழைக்கு எங்கயாவது ஒதுங்கியிருப்பானோ அக்கா?"

"மழையா? அப்போ சுள்ளுன்னு வெயில்மா."